ஜெபிக்க வார்த்தையே வராத நாட்களில் விசுவாசத்தில் நிற்பது எப்படி?

கடுகுவிதை (கேள்வி)

அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

வியாதி, வேலை இழப்பு, வீட்டில் ஒரு மரணம், விசுவாசத்தினிமித்தம் வரும் எதிர்ப்பு என்று பாடு எந்த வடிவில் வந்தாலும் முதல் இரண்டு வாரம் தாங்கிவிடுகிறோம். சபையார் வருகிறார்கள், கைகளைப் பிடித்து ஜெபிக்கிறார்கள், வசனம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஆனால் மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் ஆகியும் ஒன்றும் மாறாதபோதுதான் ஆள் சரிகிறான். வேதத்தைத் திறந்தால் எழுத்து ஓடுகிறது, மனதில் ஒன்றும் பதிவதில்லை. முழங்காலில் நின்றால் வார்த்தை வருவதில்லை.

எங்கள் ஜெபக்குழுவில் இதைப் பற்றிப் பேசவேண்டியிருக்கிறது, அதற்காகக் கேட்கிறேன். "கர்த்தரைப் பற்றிக்கொள்ளுங்கள்" என்று மட்டும் தயவுசெய்து யாரும் எழுதாதீர்கள். பற்றிக்கொள்வது என்றால் காலையில் எழுந்ததும் என்ன செய்வது, எவ்வளவு நேரம், எந்தப் பகுதியை வாசிப்பது, எங்கே சறுக்கும் என்று எழுதுங்கள். இன்னொன்று: தேவனிடம் குறை சொல்லிப் புலம்புவது முறுமுறுப்பில் சேருமா?

---

மூன்றாம் ஜாமம்

கடைசிக் கேள்வியில் தொடங்குகிறேன். அது தெளிவானால் மற்றதில் பாதி தானாகத் தெளியும்.

எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வசனத்தில் ஜனங்கள் முறையிடுகிறார்கள், பாளயத்தின் கடைசியில் அக்கினி பற்றுகிறது. அதே அதிகாரம் 11 முதல் 15 வரை மோசே பேசுவதை வாசியுங்கள். ஜனங்கள் சொன்னதைவிடக் காரமான பேச்சு அது. "இந்த ஜனத்தையெல்லாம் நானா கர்ப்பந்தரித்தேன்?" என்று கேட்டு, இப்படித்தான் நடத்துவீரானால் என்னைக் கொன்றுபோடும் என்கிறான். அவன்மேல் அக்கினி விழவில்லை. பாரத்தைப் பகிர 70 மூப்பர்கள் கிடைக்கிறார்கள். வித்தியாசம் கடுமையில் இல்லை, யாரிடம் பேசினார்கள் என்பதில் இருக்கிறது. ஜனங்கள் தேவனைப் பற்றித் தங்களுக்குள் பேசினார்கள், மோசே தேவனிடமே பேசினான். முறுமுறுப்புக்கும் புலம்பலுக்கும் நடுவே உள்ள கோடு இதுதான்.

சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். நம் ஆராதனைகளில் அவற்றை அதிகம் வாசிப்பதில்லை. அதனால்தான் வேதனை வந்ததும் ஜெபத்தில் வாய் அடைத்துப்போகிறது, துதிக்கான சொற்கள் மட்டுமே பழக்கத்தில் இருக்கின்றன.

வார்த்தை வராதவர் 13ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆறே வசனம். முதல் இரண்டு வசனம் முறையீடு, அதில் "எதுவரைக்கும்" என்ற சொல் நான்கு முறை வருகிறது. 3, 4 வேண்டுதல். 5, 6 நம்பிக்கை. இதை வாய்விட்டு, மெதுவாக வாசியுங்கள். "எதுவரைக்கும்" வரும் இடத்தில் நிறுத்தி உங்கள் காரியத்தைப் பெயர் சொல்லி வையுங்கள்: எதுவரைக்கும் இந்த வலி, எதுவரைக்கும் இந்தக் கடன். 3ஆம் வசனத்தில் என்ன வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் கேளுங்கள். 5ஆம் வசனம் அன்றைக்கு வாயில் வரவில்லையா? அதை எழுதியவனுடைய வார்த்தையாகவே வாசித்துவிட்டு எழுந்துவிடுங்கள். வராததை வந்ததுபோல் நடிக்கவேண்டியதில்லை. மொத்தம் ஐந்து நிமிடம் ஆகும்.

பெரும்பாலும் கெடும் இடம் ஒன்றுதான்: 1ஆம் வசனத்தைத் தாண்டி நேராக 5ஆம் வசனத்துக்குக் குதிப்பது. முறையீட்டைச் சொல்லாமல் நம்பிக்கையை மட்டும் அறிக்கை செய்தால், சொல்லாமல் விட்டது உள்ளே கிடந்து கசப்பாகப் புளிக்கும்.

அதுவும் கனமாக இருந்தால் 88ஆம் சங்கீதம். அதன் 18 வசனத்திலும் விடியல் இல்லை, அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்ற வரியோடு நின்றுவிடுகிறது. ஒரே பிடி முதல் வரியில் உள்ள "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்ற அழைப்பு. அந்த ஒரு பிடியோடு மீதி முழுவதையும் இருட்டிலேயே ஜெபித்த ஒருவனுடைய ஜெபத்தை வேதம் நீக்காமல் வைத்திருக்கிறது.

---

வரப்பு

அளவைப் பற்றி எழுதுகிறேன்.

பாடு வந்ததும் பலர் செய்யும் முதல் தவறு அளவைக் கூட்டுவது. நாளைமுதல் நான்கு மணிக்கு எழுவேன், இரண்டு மணிநேரம் ஜெபிப்பேன் என்று தீர்மானிப்பார்கள். தூக்கம் ஏற்கெனவே கெட்டிருக்கும் உடம்பு மூன்றாம் நாள் எழாது. அதன்பிறகு பழைய பாடு போதாதென்று "ஜெபத்திலும் தோற்றேன்" என்ற குற்றவுணர்ச்சி புதிதாகச் சேரும். வேதத்தை மூடி வைத்துவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஆகையால் மிக மோசமான நாளிலும் செய்யக்கூடிய அளவு எதுவோ, அதையே ஒழுங்காக வையுங்கள். காலையில் பத்து நிமிடம்: ஒரு சங்கீதம், ஒரு சுவிசேஷப் பகுதி, கர்த்தருடைய ஜெபம். இரவில் ஐந்து நிமிடம்: அன்று நடந்த ஒன்றைச் சொல்லி, ஒருவருக்காக வேண்டிக்கொண்டு படுப்பது. நல்ல நாளில் நீளட்டும், கெட்ட நாளில் குறையவேண்டாம். தொழும் நேரத்தை ஏற்கெனவே செய்கிற ஒரு வேலையோடு கட்டிவிடுங்கள். முகம் கழுவியதும் உட்காருவது என்று வைத்தால் கடிகாரத்தைப் பார்த்து முடிவெடுக்கவேண்டிய வேலை மிச்சம். துக்கத்தில் இருப்பவனுக்கு முடிவெடுப்பதுதான் பெரும் பாரம்.

ஒரு வருட வேத வாசிப்புத் திட்டம் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். மொத்தம் 1189 அதிகாரம், நாளுக்கு மூன்றுக்கு மேல் வரும். நான்கு நாள் விட்டால் 13 அதிகாரம் பாக்கி, அப்புறம் வேதம் கடன்காரன் முகமாகத் தெரியும். அதற்குப் பதில் மாற்கு. 16 அதிகாரம், நாளுக்கு ஒன்று. ஒரு நாள் விட்டுப்போனால் விட்டுப்போனதுதான், பின்னால் போய் நிரப்பவேண்டாம்.

ஜெபத்துக்குச் சொந்த வார்த்தை வராவிட்டால் எழுதப்பட்ட ஜெபம் போதும். இதைச் சில சகோதரர்கள் உயிரில்லாத ஜெபம் என்பார்கள், எனக்கு உடன்பாடில்லை. கெத்செமனேயில் ஆண்டவர் மூன்றாந்தரமும் "அந்த வார்த்தைகளையே சொல்லி" ஜெபித்தார் என்று மத்தேயு 26:44 சொல்கிறது. முதல் நூற்றாண்டையொட்டி எழுதப்பட்ட திதாகே என்ற சபை ஒழுங்கு நூல் கர்த்தருடைய ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லச் சொல்கிறது.

ஜெபக் குறிப்பேடு பற்றியும் ஒன்று. இடதுபக்கம் வேண்டுதலும் தேதியும், வலதுபக்கம் "பதில்" என்று வைத்தால், நெடுங்கால வியாதியில் வலதுபக்கம் வெறுமையாகவே கிடந்து எதிர்ச்சாட்சி சொல்ல ஆரம்பிக்கும். வலதுபக்கத்துக்கு "இன்று" என்று தலைப்பு போடுங்கள். வலி குறைந்த இரண்டு மணிநேரம், யாரோ கொண்டுவந்த சாப்பாடு, ஒன்றும் இல்லாத நாளில் "இன்று கடந்தது" என்ற சொல்லாவது எழுதலாம்.

---

கடுகுவிதை

மிகவும் நன்றி. இன்னும் இரண்டு. உபவாசம், பொருத்தனை (தேவனுக்கு ஒன்றை நேர்ந்துகொள்வது) இரண்டையும் யாரும் தொடவில்லையே? இப்படிப்பட்ட நேரத்தில் எல்லோரும் முதலில் சொல்வது அதைத்தானே. அப்புறம், ஆறுதலாகச் சொல்லப்படும் வசனங்களே சிலருக்கு எரிச்சலாக ஆகிவிடுகிறது. அது கடினமனமா?

---

பழைய பைண்டிங்

கடினமனமாக இருக்கவேண்டிய அவசியமில்லை. வசனம் தவறான இடத்தில் வைக்கப்பட்டிருக்கலாம். அடிக்கடி இப்படி ஆவது மூன்று.

எரேமியா 29:11, "சமாதானத்துக்கேதுவான நினைவுகளே". முந்தின வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள்: பாபிலோனில் 70 வருஷம் நிறைவேறினபின்பு. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. அதைக் கேட்ட பெரியவர்களில் பலர் எருசலேமுக்குத் திரும்பாமலே மரிப்பார்கள் என்பது எரேமியாவுக்குத் தெரியும். ஆகவேதான் 5ஆம் வசனத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள் என்கிறான். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்பவன் எழுந்து இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பும் என்று கர்த்தர் பெயரால் சொன்னான். ஜனங்களுக்குப் பிடித்த செய்தி அதுவாகத்தான் இருந்திருக்கும். பொய்யானது. அவன் அந்த வருஷமே செத்தான். நாள் குறித்துச் சொல்லும் தீர்க்கதரிசனங்களைப் பாடுபடுகிறவர் காதில் ஏற்றாமல் இருப்பது பெரிய உபகாரம். அந்த நாள் கடந்துபோகும்போது உடைவது தீர்க்கதரிசி அல்ல, கேட்டவருடைய விசுவாசம்.

பிலிப்பியர் 4:13, "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு". பவுல் கட்டப்பட்ட நிலையில் எழுதியது. 11, 12 வசனங்களைச் சேர்த்தால் "எல்லாவற்றையும்" என்பதில் பட்டினியும் குறைவும் அடங்கும் என்று தெரியும். ஜெயிக்கிற வசனமாகச் சொன்னால் தோற்றவனைக் குத்தும், தாங்குகிற வசனமாகச் சொன்னால் அவனை நிமிர்த்தும். "கற்றுக்கொண்டேன்" என்கிறார், கவனியுங்கள். ஒரே நாளில் வந்த மனரம்மியம் அல்ல.

1 கொரிந்தியர் 10:13, "திராணிக்கு மேலாக" சோதிக்கப்பட தேவன் இடங்கொடார் என்ற வசனம். தமிழில் "சோதனை" என்ற ஒரே சொல் பாவத்துக்கு இழுப்பதையும் குறிக்கும், பாடுகளையும் குறிக்கும். யாக்கோபு முதல் அதிகாரத்திலேயே 2ஆம் வசனத்துச் சோதனையும் 13ஆம் வசனத்துச் சோதனையும் வேறு. கொரிந்தியரில் பேச்சு விக்கிரகத்துக்கும் இச்சைக்கும் இழுக்கப்படுவதைப் பற்றியது. துக்கத்தைப் பற்றி அதே பவுல் 2 கொரிந்தியர் 1:8இல் என்ன சொல்கிறார்? தங்கள் பலத்திற்கு மிஞ்சின பாரம் வந்தது, பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனது என்கிறார். ஆகையால் "தாங்க முடியாததைக் கர்த்தர் தரமாட்டார்" என்று ஒருவர் வீட்டில் போய்ச் சொல்லாதீர்கள். தாங்க முடியாதது அப்போஸ்தலனுக்கே வந்தது. தன்மேல் நம்பிக்கை வைக்காமல் மரித்தோரை எழுப்புகிறவர்மேல் வைக்க அது கற்றுத்தந்தது என்பதுதான் அடுத்த வசனம்.

உபவாசம் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். பொருத்தனை பற்றி என் கருத்து ஒரே வரி: நெருக்கத்தில் இருக்கும்போது புதிதாக எதையும் நேர்ந்துகொள்ள வேண்டாம். வீட்டு வாசலில் எதிர்கொண்டு வருவதைப் பலியிடுவேன் என்று நேர்ந்து, தன் மகளே எதிரே வரக் கண்ட யெப்தாவை நினைத்தால் போதும்.

---

மூன்றாம் ஜாமம்

பிள்ளையில்லாத அன்னாளும் நெருக்கத்தில்தானே, மகன் பிறந்தால் கர்த்தருக்கே கொடுப்பேன் என்று பொருத்தனை செய்தாள்? சாமுவேல் கிடைத்தானே.

---

பழைய பைண்டிங்

நியாயமான கேள்வி. அன்னாள் என்ன கொடுக்கப்போகிறோம் என்று தெரிந்து நேர்ந்தாள். யெப்தா வாசலில் எது வந்தாலும் என்று தெரியாததை நேர்ந்தான். இன்று நெருக்கத்தில் செய்யப்படும் பொருத்தனைகளில் பல இரண்டாம் வகை. "சுகமானால் முழுநேர ஊழியத்துக்கு வருகிறேன்", "இவ்வளவு பணம் கொடுக்கிறேன்" என்று கையில் இல்லாததை வைத்துப் பேசுவது. கடன் வாங்கிக் காணிக்கை கொடுத்தால் ஆசீர்வாதம் திரும்பும் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்துவிடுங்கள்.

ஏற்கெனவே நேர்ந்துவிட்டு நிறைவேற்ற முடியாமல் தவிக்கிறவர்கள் லேவியராகமம் 27:8ஐப் பார்க்கட்டும். நேர்ந்தவன் தரித்திரனானால் ஆசாரியன் அவன் திராணிக்குத் தக்கதாகத் திரும்ப மதிப்பிடவேண்டும் என்று நியாயப்பிரமாணமே இடம் வைத்திருக்கிறது. போதகரிடம் போய்த் தொகையோடு சொல்லிப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். பயந்து சபைக்கு வராமல் இருப்பதுதான் ஆபத்து.

முடிவெடுப்பது பற்றி, இயேசு சபையை நிறுவிய கத்தோலிக்கத் துறவி லொயோலா இஞ்ஞாசியார் கொடுத்த ஒழுங்கு ஒன்று உண்டு. அவருடைய "ஆன்மிகப் பயிற்சிகள்" என்ற நூல் 1548இல் போப்பின் அங்கீகாரம் பெற்றது. ஆறுதலற்ற வேளையில் எந்த மாற்றமும் செய்யாதே, அதற்கு முந்தின நாள் எந்தத் தீர்மானத்தில் இருந்தாயோ அதிலேயே நில் என்பது அதில் ஆவிகளைப் பகுத்தறிவதற்கான முதல் விதித் தொகுப்பின் ஐந்தாம் விதி. சபையை விடுவது, திருமண நிச்சயத்தை முறிப்பது, ஊழியத்தை ராஜினாமா செய்வது, எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். (கத்தோலிக்கருடைய விதியை இங்கே ஏன் என்று ஒருவர் கேட்பார். நாம் அன்றாடம் செய்யும் தவறை இவ்வளவு சுருக்கமாகத் தடுத்த வேறு விதி எனக்குத் தெரியவில்லை.) ஒரே விலக்கு: தங்கினால் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் காத்திராதீர்கள், வெளியேறுங்கள்.

---

அடையும் தண்ணீரும்

மருத்துவமனை சந்திப்பு ஊழியத்தில் இருப்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். உபவாசத்தையும் சந்திப்பையும் பற்றி எழுதுகிறேன்.

என் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரியும்தானே. 1 இராஜாக்கள் 19. தீர்க்கதரிசி எலியா சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ் "போதும் கர்த்தாவே" என்றபோது தூதன் உபவாசிக்கச் சொல்லவில்லை. இரண்டு முறை எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான், நடுவில் தூங்கவிட்டான். ஓரேப் மலையில் தேவன் பேசியது அதற்குப் பிறகு. அதே கதையில் அவன் தன் வேலைக்காரனைப் பெயெர்செபாவில் விட்டுவிட்டுத் தனியே வனாந்தரத்துக்குப் போனதையும் குறித்துக்கொள்ளுங்கள். தனித்துப்போவது சோர்வின் முதல் அடையாளங்களில் ஒன்று.

உடல் தளர்ந்தவர், நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர், கர்ப்பிணி, துக்கத்தில் ஏற்கெனவே சாப்பிடாமல் இருப்பவர், இவர்கள் உபவாசிக்கவேண்டாம். அவர்களுக்காக மற்றவர் உபவாசிக்கலாம், சங்கீதம் 35:13இல் தாவீது அதைத்தான் செய்தான். ஒரு வேளை உணவை விட்டு அந்த நேரத்தில் ஜெபிப்பது போதும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து தூக்கம் கெட்டு, பசி போய், எதிலும் விருப்பமின்றிக் கிடந்தால் மருத்துவரைப் பார்க்கவேண்டும். அது விசுவாசக் குறைவு என்று சொல்லாதீர்கள். பவுலோடு பயணம் செய்த லூக்காவை கொலோசெயர் 4:14 வைத்தியன் என்றுதான் சொல்கிறது. "ஜெபித்தோம், இனி மாத்திரை வேண்டாம்" என்று நிறுத்தச் சொல்ல எந்த ஊழியருக்கும் உரிமையில்லை. மனநல மருந்தைச் சடுதியில் நிறுத்தினால் நிலைமை மோசமாகும். சாக நினைக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அவரைத் தனியே விடாதீர்கள், அன்றே மருத்துவ உதவிக்கு அழைத்துப் போங்கள். கூட இருந்து ஜெபிப்பதும் அதோடுகூடத்தான்.

சந்திக்கப் போகிறவர்களுக்கு: இருபது நிமிடத்துக்கு மேல் உட்காரவேண்டாம். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் ராப்பகல் பேசாமல் தரையில் உட்கார்ந்தார்கள், அதுவரை சரி. வாயைத் திறந்து காரணம் கண்டுபிடிக்கத் தொடங்கியபோதுதான் கெட்டது. "எந்தப் பாவத்தினால்" என்ற கேள்விக்கு யோவான் 9:3இல் ஆண்டவரே, இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்று பதில் சொல்லிவிட்டார். "ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்" என்பதும் உதவாது, கேட்கிற பாரம் அவர்மேல் விழுகிறது. "செவ்வாய்க்கிழமை பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நான் கூட்டிவருகிறேன், சரியா?" என்று கேளுங்கள். அவர் ஆம், இல்லை என்று மட்டும் சொன்னால் போதும். ஜெபக்குறிப்பு என்ற பெயரில் அவர் சொன்னதை வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன் அவரிடம் அனுமதி கேளுங்கள். நம் சபைகளில் நம்பிக்கை உடைவது பாதி இதனால்தான்.

மூன்றாம் மாதம் என்று கேள்வியில் எழுதியிருந்தீர்கள். சபையில் ஒருவர் அந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளட்டும். எல்லோரும் வந்துபோன பிறகு, மூன்றாம் மாதமும் முதல் வருஷ நாளிலும் ஒருவர் போகவேண்டும்.

---

கடுகுவிதை

கடைசியாக ஒன்று. எதிர்ப்பு வந்தபோது பயந்து விசுவாசத்தை மறுத்துவிட்டவர், அல்லது ஊரைவிட்டு ஓடியவர், திரும்ப வந்தால் எப்படிச் சேர்த்துக்கொள்வது? குழுவில் இரண்டு கருத்து இருக்கிறது.

---

பழைய பைண்டிங்

ஓடியது பாவமில்லை. மத்தேயு 10:23, ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்திற்கு ஓடிப்போங்கள். பவுல் தன் ரோமக் குடியுரிமையைச் சொல்லி அடியைத் தவிர்த்தார், இராயனுக்கு, அதாவது ரோமப் பேரரசனுக்கு, அபயமிட்டு மேல்முறையீடு செய்தார். சட்டம் தரும் பாதுகாப்பைக் கேட்பது விசுவாசத்துக்கு விரோதமல்ல.

மறுத்தவர் விஷயம் சபைக்குப் புதிதல்ல. கி.பி. 250இல் ரோமப் பேரரசன் தேசியு எல்லோரும் தேவர்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்கவேண்டும் என்று உத்தரவிட்டபோது ஏராளமான கிறிஸ்தவர்கள் வழுவினார்கள். சிலர் பலியிட்டார்கள், சிலர் பலியிடாமலே காசு கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கினார்கள். உபத்திரவம் தணிந்ததும் இப்போது உங்கள் குழுவில் இருக்கும் அதே இரண்டு கருத்து. நொவாத்தியன் என்பவர் சேர்க்கவே கூடாது என்று பிரிந்துபோனார். மறுபுறம், ஒன்றும் கேட்காமல் உடனே சேருங்கள் என்றும் சிலர். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் சபைக் கண்காணி (பிஷப்) சிப்ரியானும் மற்றக் கண்காணிகளும் 251இல் கூடி நடுவழி எடுத்தார்கள். ஒவ்வொருவர் காரியத்தையும் தனித்தனியே விசாரிப்பது, சான்றிதழ் மட்டும் வாங்கியவரைச் சீக்கிரம் சேர்ப்பது, பலியிட்டவருக்கு நீண்ட மனந்திரும்புதல் காலம் வைப்பது. மறுபடி உபத்திரவம் வரும் என்று தெரிந்தபோது அந்தத் தவணையையும் தளர்த்தினார்கள், எதிர்கொள்ள அவர்களுக்குத் திருவிருந்தின் பெலன் வேண்டும் என்று. சிப்ரியான் 250இல் ஒளிந்திருந்து கடிதங்களால் சபையை நடத்தினவர்தான். 258இல் ஓடாமல் நின்று தலை வெட்டப்பட்டு மரித்தார்.

---

வரப்பு

செய்முறையாகச் சொன்னால்: முதல் நாளே சபை முன் நிறுத்திச் சாட்சி சொல்லச் சொல்லாதீர்கள். போதகரோ ஒரு மூப்பரோ தனியே உட்கார்ந்து நடந்ததை முழுவதும் கேட்கட்டும், குறுக்கே பேசாமல். கூடவே நடக்க ஒரே ஆளை நியமியுங்கள், வாரம் ஒரு முறை சந்திப்பு, மேலே எழுதிய அந்தப் பத்து நிமிடத்தை முதல் மாதம் இருவரும் சேர்ந்தே செய்யட்டும். எப்போது திருவிருந்து என்பதை உங்கள் சபை ஒழுங்கு சொல்லும், ஆனால் தேதியை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முடிவு தெரியாமல் காத்திருக்க வைத்தால் பாதியில் போய்விடுவார்.

லூக்கா 22:32ஐ அவரோடு வாசிக்கலாம். பேதுரு மறுதலிப்பதற்கு முன்பே அவனுக்காக ஜெபம் ஏறெடுக்கப்பட்டாயிற்று, திரும்பி வந்தபின் செய்யவேண்டிய வேலையும் சொல்லப்பட்டாயிற்று.